படர்தாமரைக்கு விற்கும் அந்த நாலு மருந்து கலந்த ட்யூபை முன்வரிசையிலிருந்து எடுங்கள்: மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், கவுன்டரில் நின்று மருந்து எடுத்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். படர்தாமரை என்று வருபவர்களின் தோலை லேசாகச் சுரண்டி, உதிரும் பொடியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சையின் இழைகள் மட்டும் கிளை பிரிந்து நீள நீளமாகத் தெரியும். சுரண்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்போம், "இதுவரைக்கும் என்ன போட்டீங்க?" என்று. பதில் பெரும்பாலும் பைக்குள்ளிருந்துதான் வரும். அடிவரைக்கும் சுருட்டிப் பிதுக்கிய ட்யூப், சிலரிடம் ரெண்டு மூன்று. கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே கிட்டத்தட்ட அதே சரக்கு. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்றால் யாரும் இல்லை, மெடிக்கலில் கேட்டு வாங்கினது. அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு. இதே ட்யூபை எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள், டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஒன்று எழுத வேண்டும்.

அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பூஞ்சைக்கு டெர்பினாஃபின் அல்லது மைகோனசோல், பாக்டீரியாவுக்கு ஆஃப்லாக்சசின் அல்லது நியோமைசின், சிலதில் கூடவே ஆர்னிடசோல், அப்புறம் க்ளோபெட்டசால். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையை வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களுக்கு நீங்களே எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். அந்த ரெண்டுக்கும் தொடையிடுக்கில் இருக்கும் பூஞ்சைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் என் கவலை அவை இல்லை. க்ளோபெட்டசால்தான். மேல்பூச்சு ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது அது. சொரியாசிஸ் மாதிரி நோய்களுக்கு டாக்டர் பார்த்து அளவாகக் கொடுக்கும்போது அருமையான மருந்து, அதில் சந்தேகமில்லை. தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் போடாதே, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போகாதே, முகம், அக்குள், தொடையிடுக்கு இங்கெல்லாம் தடவாதே என்பது அந்த மருந்துக்கு வகுத்த வரம்பு. நம் ஊரில் அது எங்கே போகிறது? நேராகத் தொடையிடுக்குக்கு, மாதக்கணக்கில்.

ஏன் எல்லாரும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், ரெண்டு நாளில் அரிப்பு நிற்கிறது. அது எப்படி நிற்கிறது என்பதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். படர்தாமரைப் பூஞ்சை தோல், முடி, நகம் மூன்றிலும் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. ஓரிடத்தில் ஒட்டி அங்கிருந்து வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டே போகும், உடம்பு அதை எதிர்த்து நிற்கும், அந்தச் சண்டை நடக்கும் எல்லைதான் சிவந்து, எழும்பி, செதில் செதிலாகத் தெரிகிற அந்த வட்டத்தின் ஓரம். அரிப்பும் சிவப்பும் உடம்பின் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அமுக்கிவிடுகிறது. சிவப்பு மங்குகிறது, அரிப்பு போகிறது, வாங்கிப் போனவர் "நல்ல மருந்துப்பா" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறார், உங்கள் கடைக்கும் நல்ல பெயர். பூஞ்சை மட்டும் அங்கேயே இருக்கிறது, அதுவும் இப்போது தடுக்க ஆளில்லாமல். கூடவே டெர்பினாஃபின் இருக்கிறதே, அது கொல்லாதா என்று கேட்பீர்கள். அரிப்பு நின்ற மூன்றாம் நாளே ட்யூபை மூடி வைத்துவிடுகிறார்கள், அதற்குள் அது எதைக் கொல்லும்? பத்து நாள் கழித்து மறுபடி அரிக்கும், முன்னைவிடப் பலமாக, அதே ட்யூப் வெளியே வரும். ஸ்டீராய்டைத் தடவி வந்தவர்களின் சாம்பிளில் சில நேரம் இழைகள் வலைப்பின்னலாக நிறைந்து கிடக்கும்.

இந்தச் சுற்று நாலைந்து மாதம் ஓடின பிறகு எங்களிடம் வருகிறவர்களின் தோலை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் வட்டமாக வளையம் வளையமாக இருக்கும், அல்லது ஓரமே அழிந்து, பார்த்தால் படர்தாமரை என்றே சொல்ல முடியாதபடி கலங்கிப்போய் இருக்கும். ஒரு கை அகலம் இருந்தது பிட்டம், இடுப்பு, வயிறு என்று பரவியிருக்கும். தொடையின் உள்பக்கம் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் தெரிகிற மாதிரி வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். பூஞ்சையை எப்படியாவது ஒழித்துவிடலாம், அந்தக் கோடுகள் போகாது. இருபது வயதுப் பையன் டாக்டரிடம் வேறு எதையும் கேட்காமல் அந்தக் கோட்டை மட்டும் கேட்பான். முகத்தில் தடவியவர்களுக்கு அது வேறு கதை, சிவந்துபோய், வெயில் பட்டால் எரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் இன்னும் மோசமாகி, விடவும் முடியாமல் போடவும் முடியாமல். முகம் வெளுக்க என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கிப் போகிறவர்களுக்கும் கடைசியில் இதே கதிதான். கைக்குழந்தைக்கு அரையில் சிவந்திருக்கிறது என்று இதைப் போட்டுவிட்டால் மருந்து தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து, முகம் ஊதி, ஹார்மோனே தடுமாறிப் போகலாம். பெரியவர்களுக்குத் தருகிற ட்யூபிலிருந்தே குழந்தைக்கும் கொஞ்சம் தடவுவது நம் வீடுகளில் சகஜம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இது ஏதோ நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தியா முழுக்கப் படர்தாமரை முரண்டு பிடிக்கிறது. முன்பு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை ரெண்டு வாரம் போட்டால் தீர்ந்துவிடும் என்று இருந்தது, இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை, ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். பூஞ்சை தன் மேல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் தயாரிக்க ஒரு நொதி வேண்டும், டெர்பினாஃபின் அந்த நொதியைப் போய் அடைக்கும். இந்தப் பூஞ்சையில் பலவற்றுக்கு அந்த நொதியின் மரபணுவில் ஓரிடம் மாறிவிட்டது, மருந்து போய் ஒட்ட இடமில்லை. 2023ல் நியூயார்க்கில் ரெண்டு பெண்களுக்கு இது இருப்பது தெரிந்தபோது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிக்கையே வெளியிட்டது, அதில் ஒருவர் வெளிநாட்டுப் பக்கமே போகாதவர். இத்தனைக்கும் காரணம் உங்கள் கடை ட்யூப்தான் என்று நான் சொல்ல வரவில்லை, நெரிசலும் புழுக்கமும் பாதியில் விட்ட மாத்திரைக் கோர்ஸும் எல்லாம் சேர்ந்துதான் இது. ஆனால் அரைகுறையாக ஒரு பூஞ்சை மருந்து, கூடவே உடம்பின் எதிர்ப்பை அமுக்கும் ஒரு ஸ்டீராய்டு, இந்த ரெண்டையும் ஒரே ட்யூபில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைப் பேச முடியாது.

தலைமுடிக்கு வருகிறேன், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பிள்ளையின் தலையில் ஒரு வட்டம் முடி கொட்டிவிட்டது என்று அம்மா கவுன்டரில் வந்து காட்டுவார். புழுவெட்டு என்று நினைத்து ஒரு எண்ணெயோ லோஷனோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. அது உடம்பே தன் முடிவேரைத் தாக்குவதால் வருவது, ஒட்டாது. தலையில் வரும் படர்தாமரையில் செதில் உதிரும், முடி தோல் மட்டத்திலேயே ஒடிந்து கரும்புள்ளி கரும்புள்ளியாக நிற்கும், அரிக்கும், ஒரே சீப்பிலும் தொப்பியிலும் மற்ற பிள்ளைகளுக்குப் போகும். பூஞ்சை முடியின் வேர்க்குழிக்குள் இருப்பதால் எந்த க்ரீமும் அங்கே போய்ச் சேராது, மொட்டை அடித்தாலும் தீராது. வாய்வழி மருந்துதான், க்ரிசியோஃபுல்வினோ டெர்பினாஃபினோ, எடை பார்த்து, வாரக்கணக்கில். கீட்டோகொனசோல் ஷாம்பு மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும், அதோடு சரி. தாமதமானால் சில பிள்ளைகளுக்குத் தலையில் சீழ்க்கட்டி மாதிரி புடைத்துக் கொதகொதவென்று ஆகிவிடும். கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டுவிடுவார்கள், அங்கே அப்புறம் முடி முளைக்காமல் வடுவே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே பிள்ளையின் தலையில் செதிலோடு முடி கொட்டியிருந்தால் தயவுசெய்து எதையும் விற்காதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். இதில் மட்டும் நான் பேரம் பேசத் தயாராக இல்லை.

தேமல் சின்ன விஷயம். அது படர்தாமரைப் பூஞ்சையே இல்லை, எல்லார் தோலிலும் சும்மா இருக்கிற மலசீசியா என்ற ஈஸ்ட், வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் பெருகுவது. டெர்பினாஃபின் மாத்திரை அதற்குப் பலிக்காது. கீட்டோகொனசோல் ஷாம்பையே உடம்பில் தடவிச் சில நிமிஷம் விட்டுக் குளித்தால் பெரும்பாலும் போதும். பூஞ்சை செத்த பிறகும் வெள்ளை மறைய மாதக்கணக்காகும் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் அடுத்த ட்யூபுக்கு வரமாட்டார்.

சட்டத்தை நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் ஹெச் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, தோல் மருத்துவர் சங்கம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு. அதாவது க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பெட்டியில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தார்கள், அதில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த க்ரீம்கள் பல இருந்தன. உங்கள் அலமாரியில் இருப்பதை அந்தப் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத இன்னொரு கலவை புதுப் பெயரில் வந்துவிடுகிறது என்பதும் தெரியும், மருந்துக் கம்பெனி ரெப் வந்து சலுகை ஸ்கீம் சொல்லிவிட்டுப் போவார் என்பதும் தெரியும்.

உங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மில்லில் ஷிப்டு பார்க்கிற பெண்ணுக்கு லீவு கிடையாது. அதைவிட, இடம் அப்படிப்பட்ட இடம், பெண்கள் டாக்டரிடம் காட்டவே கூசிப்போய், காலி ட்யூபின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறார்கள். பல குடும்பங்களுக்கு முதல் டாக்டர் நீங்கள்தான். கேட்டதைக் கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் ஒரே ஒரு கடைக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்களுக்கு ஊர் ஊருக்கு சங்கம் இருக்கிறது, மாதாந்திரக் கூட்டம் போடுகிறீர்கள், ஒரு தெருவில் இருக்கும் நாலு கடையும் சேர்ந்து முடிவெடுத்தால் எதிர்க்கடை என்ற பேச்சே இல்லை.

சரி, ட்யூபுக்குப் பதிலாக என்ன தருவது? கலப்பில்லாத பூஞ்சை மருந்து. க்ளோட்ரிமசோல் இருக்கிறது, லுலிகொனசோல் இருக்கிறது. ஸ்டீராய்டு மாதிரி ரெண்டு நாளில் அரிப்பு நிற்காது என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள், சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் திட்டிக்கொண்டு வருவார். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி ரெண்டு சென்டிமீட்டர் வெளியே வரை தடவ வேண்டும், தோல் சரியான மாதிரி தெரிந்த பிறகும் ரெண்டு வாரம் தொடர வேண்டும். விட்ஃபீல்டு களிம்பு என்று ஒன்று உண்டு, 6 சதவீத பென்சாயிக் அமிலமும் 3 சதவீத சாலிசிலிக் அமிலமும், நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. எரியும்தான், தொடையிடுக்குக்கு ஆகாது, ஆனால் கை கால் முதுகில் இருக்கும் சின்ன வட்டத்துக்கு இன்றும் வேலை செய்கிறது, விலையும் குறைவு. லாபமும் குறைவு, அதனால்தானோ என்னவோ கடைகளில் கண்ணிலேயே படுவதில்லை. சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுகிறேன் என்பவரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம், அது தோலை மெலிய வைக்காது. கொஞ்ச நாளில் அடங்காவிட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம் வீட்டுச் சமாசாரம். துண்டைப் பங்கு போடக் கூடாது, உள்ளாடையை உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும், ஈரத்தோடு இறுக்கமான ஜீன்ஸை மாட்டக் கூடாது. அரைஞாண் கயிறு வியர்வையிலேயே ஊறிக் கிடக்கிறது, அதன் தடத்திலேயே வட்டம் வட்டமாக வருவதை நாங்கள் பார்க்கிறோம். கழற்றச் சொன்னால் பாட்டிமார் கோபிப்பார்கள், புதுசு மாற்றச் சொல்லலாம் அல்லது வெள்ளிக்கு மாறச் சொல்லலாம். முக்கியமாக, வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேளுங்கள். கணவனுக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு மனைவியை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

மாத்திரை விஷயத்தில் ஒரு வேண்டுகோள், இது உங்களால் மட்டுமே முடிவது. டாக்டர் பூஞ்சைக்கு இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் எழுதியிருந்தால், சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். எந்த மாத்திரைக்கும் கூடவே ஒரு கேஸ் மாத்திரையைக் கொடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம், அது அமிலத்தைக் குறைத்துவிடுவதால் இங்கே அந்தப் பழக்கம் நேராக மருந்தின் வேலையைக் கெடுக்கிறது. பேன்டப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையையும் இதையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் காசும் போய் மருந்தும் போச்சு. சிம்வாஸ்டாடின், அட்டார்வாஸ்டாடின் மாதிரி கொழுப்பு மாத்திரை போடுகிறாரா, இதயம் பலவீனம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திருப்பி அனுப்புங்கள். சீட்டே இல்லாமல் செட் மாத்திரையாக இதைப் பிரித்துக் கொடுக்கவே வேண்டாம்.

இடையில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் பொது சுகாதாரத் துறைக்கும் ஒரு பத்தி, அவர்களும் இதைப் படித்தால். ஆய்வுக்குக் கடைக்கு வரும்போது தூக்க மாத்திரைக்கு பில் கேட்கிற அதே குரலில் க்ளோபெட்டசாலுக்கும் கேளுங்கள், அலமாரி தானாக மாறும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனைக்கும் மலேரியா ஸ்மியருக்கும் மைக்ராஸ்கோப்பும் என்னை மாதிரி ஒரு ஆளும் ஏற்கெனவே இருக்கிறார்கள். படர்தாமரையா இல்லையா என்று பார்க்க அங்கே கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு பாட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் சுரண்ட ஒரு மழுங்கிய பிளேடும்தான். மெடிக்கலில் இருந்து "போய்க் காட்டுங்க" என்று அனுப்பப்படுகிற ஆளுக்குப் போக ஒரு இடம் இருக்க வேண்டும், அதுவும் அரை நாளில் முடிகிற இடமாக.

மறுபடி உங்களிடம் வருகிறேன். இருக்கிற ஸ்டாக்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஸ்டாக்கிஸ்ட் திருப்பி எடுப்பார் என்றால் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால், சீட்டுக்கு மட்டும் எடுக்கிற அலமாரியில் வையுங்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் இப்போது அது இருக்கிற இடத்தில் க்ளோட்ரிமசோலை வைத்துவிட்டு, அடுத்த ஆர்டரில் அந்தக் கலவை ட்யூபின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று யாராவது சொன்னால் சீட்டைக் கேட்டுப் பாருங்கள், சீட்டு உண்மையிலேயே இருந்தால் அதில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும் ஒரு ட்யூப் கொடுங்கள், ரீஃபில் என்று ஆறு மாதத்துக்கு அதே சீட்டை ஓட்ட விடாதீர்கள்.